யாருடைய சோறு?

மதுரையில் கலைமகளுக்கு ஒரு கோயில் இருந்ததாக மணிமேகலை சொல்கிறது. அங்கே அவளுக்குச் சிந்தாதேவி என்று பெயர். அந்தக் கோயிலின் முன்மண்டபத்தில் வந்து தங்கியவன் ஆபுத்திரன். பெற்றவள் போட்டுவிட்டுப் போன பிள்ளை. ஏழு நாள் ஒரு பசு பால் சுரந்து காத்தது. இளம்பூதி என்ற அந்தணர் எடுத்து வளர்த்து வேதம் சொல்லிக்கொடுத்தார். வேள்விக்குக் கட்டி வைத்திருந்த பசுவை இரவோடு இரவாக அவன் ஓட்டிக்கொண்டு போனபோது ஊரார் அடித்தார்கள், பிறப்பைச் சொல்லி ஏசினார்கள், வளர்த்தவரும் கைவிட்டார். மதுரைக்கு வந்தவன் வீடு வீடாகப் பிச்சை எடுத்தான். எடுத்ததில் வாய் வைப்பதற்கு முன் பார்வையில்லாதவர், காது கேளாதவர், கால் முடங்கியவர், நோயாளி, நாதியற்றவர் எல்லாரையும் கூப்பிட்டுச் சோறு போட்டான். மிச்சத்தை உண்டுவிட்டுப் பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்கினான். மழை கொட்டிய ஒரு நள்ளிரவில் பசியோடு சிலர் வந்து எழுப்ப, கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவித்தபோது சிந்தாதேவி தன் கையிலிருந்த பாத்திரத்தை நீட்டினாள். அதுதான் அமுதசுரபி.

கவனிக்க வேண்டியது, அந்தப் பாத்திரம் யார் கையில் இருந்தது என்பது. செல்வத்தின் தெய்வம் அதைக் கொடுக்கவில்லை, கல்வியின் தெய்வம் கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டவன் படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து விரட்டப்பட்டவன். இதை எழுதிய சீத்தலைச் சாத்தனார் மதுரையில் தானியம் விற்ற வணிகர் என்பது மரபு. பசியின் கணக்கும் படிப்பின் கணக்கும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2022 செப்டம்பர் 15 அன்று காலை, அதே மதுரையில், சிம்மக்கல் பகுதியில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1.14 லட்சம் பிள்ளைகள், 33.56 கோடி ரூபாய். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் அது மாநிலம் முழுவதற்குமாக விரிந்தபோது பள்ளிகளின் எண்ணிக்கை 31 ஆயிரத்தைத் தாண்டியது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளும் 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. உப்புமா ஒரு நாள், கிச்சடி ஒரு நாள், பொங்கலும் காய்கறிச் சாம்பாரும் ஒரு நாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, யார் வந்தாலும் தட்டு உண்டு.

பழங்காநத்தம், ஜெய்ஹிந்த்புரம் பக்கம் விடிகாலையில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்தத் தட்டின் எடை தெரியும். வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளை எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். சித்தாள் வேலைக்கும் லோடு ஏற்றவும் போகிறவர்கள் அதற்கும் முன்னால். மூத்த பெண் தம்பிக்குத் தலைவாரி, தெருமுனைக் கடையில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துப் பள்ளிக்கு இழுத்துப் போவாள். பதினோரு மணிக்குத் தலைசுற்றல் வரும். வாத்தியாருக்கு அது கவனக்குறைவாகத் தெரியும்.

அதே பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம்தான் மதுரையின் கட்சிப் பொதுக்கூட்டங்கள் பலவும் நடக்கின்றன. மேடையில் எந்தக் கட்சி நின்றாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: நாங்கள்தான் கொடுத்தோம். சத்துணவு, முட்டை, சைக்கிள், மடிக்கணினி, காலை உணவு என்று பட்டியல் மாறலாம், வினைச்சொல் மாறுவதில்லை. இந்த இடத்தில்தான் ஒரு பழைய கேள்வி புதிதாக எழுகிறது. ஒரு பிள்ளையின் தட்டில் விழும் சோறு கொடுப்பவரின் புண்ணியமா, அந்தப் பிள்ளையின் பங்கா? கேட்பதற்குப் பண்டிதர் சண்டை போலத் தோன்றும். ஆனால் அந்தச் சோற்றை எப்படிச் சமைப்பது, யாரை எங்கே உட்காரவைப்பது, என்ன சான்றிதழ் கேட்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் இதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்தே அமைகின்றன.

தானத்தைப் பற்றிய நம் மரபுச் சிந்தனை பெரும்பாலும் கொடுப்பவரின் பக்கம் நின்று பேசுகிறது. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது பழமொழி. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் திருப்பிச் செய்ய இயலாதவருக்கு, தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுதியுள்ளவருக்குக் கொடுப்பதையே உயர்ந்த தானம் என்கிறது. கைம்மாறு எதிர்பாராமை அதில் உள்ள பெருமை. தகுதி பார்ப்பது அதில் உள்ள சிக்கல். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன தகுதியை வைத்துப் பார்ப்பது? ஒழுங்காகப் படிப்பானா, அப்பன் குடிகாரனா, எந்தத் தெரு என்றெல்லாம் விசாரித்து முடிப்பதற்குள் முதல் மணி அடித்துவிடும். இஸ்லாம் இதே இடத்தில் வேறு வழியில் போகிறது. வசதியுள்ளவரின் செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் அறியப்பட்ட உரிமை உண்டு என்பது குர்ஆனின் நிலை. ஜகாத் அந்த நிலையிலிருந்து வருவது. செலுத்துகிறவர் தன்னிடம் தங்கிவிட்ட அடுத்தவர் பங்கை ஒப்படைக்கிறார். அங்கே பெருமைப்பட அதிகம் இடமில்லை.

பழங்காநத்தத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் கீழக்குயில்குடி. ஊருக்குப் பின்னால் சமணர் மலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வயது. இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதியில் இருந்த குரண்டித் திருக்காட்டாம்பள்ளியின் ஆசிரியர்களும் அவர்களுடைய மாணாக்கர்களும் இங்கே பெயர் பெறுகிறார்கள். யார் யாருடைய மாணவர் என்பதைப் பாறையில் வெட்டி வைக்கும் அளவுக்கு அது முக்கியமாக இருந்திருக்கிறது. சமணம் நான்கு தானங்களைச் சொன்னது: உணவு, மருந்து, கல்வி, அபயம். நான்காவதுதான் மற்ற மூன்றையும் தாங்குவது. அபயம் என்றால் அஞ்ச வேண்டாம் என்ற உறுதி. பயந்துகொண்டு வாங்கும் சோறும் பயந்துகொண்டு படிக்கும் பாடமும் தானமாகா என்று அந்த வரிசையைப் படிக்கலாம்.

அபயம் இல்லாத கல்வி எப்படி இருக்கும் என்பதை அதே மலையடிவாரம் பிற்காலத்தில் பார்த்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் மதுரைச் சீமையில் பிறமலைக் கள்ளர்கள் மீது பாய்ந்தபோது, முதலில் அதற்கு ஆளான ஊர்களுள் கீழக்குயில்குடியும் ஒன்று. ஒரு சமூகத்தில் பிறந்த குற்றத்துக்காக ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் சொந்த வீட்டில் படுக்கக்கூடாது, காவலர் கண்ணெதிரே படுக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டும். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே இன்றும் சொல்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள்.

அதையொட்டிய ஆண்டுகளில்தான் கள்ளர் சீரமைப்புத் திட்டம் உருக்கொண்டது. பள்ளிகள், விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள், கிணறு வெட்டக் கடன். கல்வி வந்தது, உண்மை. ஆனால் காவல் நிலையமும் பள்ளிக்கூடமும் ஒரே திட்டத்தின் இரண்டு கைகளாக வந்தன. பிள்ளை பள்ளிக்கு வருவது அவன் கற்க வேண்டும் என்பதற்காக மட்டும் அன்று. அவன் அப்பனைப் போல ஆகக்கூடாது என்பதற்காகவும். அப்பனைப் பற்றிய தீர்ப்பை மகனின் சிலேட்டில் எழுதிய கல்வி அது.

மணிமேகலையில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சி உண்டு. ஆபுத்திரனுக்குப் பின் அமுதசுரபியைப் பெற்ற காவிய நாயகி மணிமேகலை, அதோடு புகார் நகரத்துச் சிறைக்குள் நுழைகிறாள். கைதிகளுக்குச் சோறிடுகிறாள். செய்தி அறிந்த சோழன் அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க, இந்தச் சிறையை அறம் வளர்க்கும் இடமாக மாற்றிக் கொடு என்கிறாள். அவனும் மாற்றிக் கொடுக்கிறான். அவள் கைதிகளைத் திருத்துவதாகச் சொல்லவில்லை. கட்டடத்தை மாற்றச் சொன்னாள். அரசாங்கம் மதுரைச் சமவெளியில் கட்டடத்தை விட்டுவிட்டு மனிதர்களை மாற்றப் பார்த்தது.

ஆனால் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. சென்னை மாகாணத்தில் அந்த ரேகைச் சட்டம் 1947இல் நீங்கியது. பள்ளிகள் நீங்கவில்லை. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ முந்நூறு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் படித்து ஆசிரியரானவர்கள், அதிகாரியானவர்கள், வழக்கறிஞரானவர்கள் ஏராளம். 2023-24 நிதிநிலை அறிக்கையில் இவற்றையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் முதலானவற்றையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப் போவதாக அரசு அறிவித்தபோது உசிலம்பட்டிப் பக்கம் கடும் எதிர்ப்பு எழுந்தது. இவை எங்கள் முன்னோர் இடம் கொடுத்து, இழப்பைத் தாங்கிப் பெற்றவை என்று வாதிட்டார்கள். விலங்காக வந்த ஒன்றை மூன்று தலைமுறையில் சொத்தாக மாற்றிக்கொண்டுவிட்டார்கள். கொடுத்தவரின் நோக்கம் என்னவாக இருந்தாலும் வாங்கியவர் அதைத் தனதாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று இந்தப் பகுதியில் இல்லை. இணைப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். அந்த மக்கள் அதை உரிமைக் குரலில் பேசினார்கள் என்பதுதான் இங்கே பொருட்படுத்த வேண்டியது.

சோற்றின் தத்துவம் சோதிக்கப்படும் இடம் பந்தி. பழங்காநத்தத்துக்கு அடுத்த பசுமலையில் அமெரிக்க மிஷன் ஒரு கல்விக்கூடம் நடத்தியது. 1840களின் பிற்பகுதியில், கிறிஸ்தவர்களானவர்கள் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று மிஷன் வற்புறுத்தியபோது மாணவர்கள் பலர் வெளியேறினார்கள். படிப்பு வேண்டும், பக்கத்து இலை வேண்டாம். முக்கால் நூற்றாண்டு கழித்து, 1924-25இல், சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்தில் அதே முள் குத்தியது. தேசபக்திக்காகத் தொடங்கிய இடம். காங்கிரஸ் நிதியும் பொதுமக்கள் நன்கொடையும் பெற்ற இடம். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்று தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். பெரியார் காங்கிரஸை விட்டு விலகியதற்கான காரணங்களுள் இதுவும் சேர்ந்தது. இரண்டு பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பது தமிழக அரசியலின் திசையையே மாற்றியிருக்கிறது.

அதே சேரன்மாதேவியின் ரயில்வே கேட்டில்தான், மாடு மேய்த்த ஒரு சிறுவனைப் பார்த்து ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று காமராஜர் கேட்டதாகவும், போனால் சோறு போடுவாயா என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை சொல்லப்படுகிறது. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் தொடங்கினார். 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். ஏழை வீட்டுப் பிள்ளை யார் என்று தேடிப் பிடித்துப் போடும் சோறு, பள்ளிக்கு வரும் எந்தப் பிள்ளைக்கும் உரிய சோறாக ஆனது. செலவு தாங்காது, ஓட்டுக்கான வித்தை, பள்ளி சத்திரமாகிவிடும் என்ற கண்டனங்கள் எல்லாம் வந்தன. உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று, நாடு முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டபோது தமிழ்நாட்டில் அதற்கு ஒரு தலைமுறை அனுபவம் இருந்தது.

அப்படியும் பந்திச் சோதனை ஓயவில்லை. 2023 செப்டம்பரில், காமராஜர் மதிய உணவைத் தொடங்கிய எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி என்றே பெயர் கொண்ட வேறொரு சிற்றூரில், பட்டியல் சாதிப் பெண் சமைத்ததால் பிள்ளைகளைக் காலை உணவு உண்ணக்கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும் அப்படியே. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆட்சியரும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினார்கள். அரசு அந்தச் சமையல்காரர்களை மாற்றவில்லை என்பதே இதில் மிகச் சரியான செயல். மாற்றியிருந்தால் சோறு தானமாகிப் போயிருக்கும். யாருடைய மனமும் கோணாமல் இடவேண்டிய தானம். பல ஊர்களில் இந்த உணவைச் சமைப்பவர் அதே பள்ளியில் தன் பிள்ளையைச் சேர்த்திருக்கும் மகளிர் குழுத் தாய். அவர் கரண்டியிலிருந்து அவர் பிள்ளைக்கும் பக்கத்துப் பிள்ளைக்கும் ஒரே கிச்சடி விழுகிறது. நூறு ஆண்டு விவாதத்துக்கு அந்தத் தரை வரிசை சொல்லும் பதிலை எந்த மேடைப் பேச்சும் சொன்னதில்லை.

ஈகையைப் பற்றிய குறள் ஒன்றுக்கு உரையாசிரியர்கள் பலவாறு பொருள் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்று, என்னிடம் இல்லை என்று வந்தவன் வாய்திறக்கும் முன்பே கொடுத்துவிடுவது நற்குடிப் பிறந்தவர் இயல்பு என்பது. வள்ளுவர் இரவச்சம் என்று ஓர் அதிகாரமே வைத்தவர். பிச்சை எடுத்துத்தான் வாழ வேண்டும் என்று விதித்திருந்தால் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று சபிக்கத் துணிந்தவர். அவர் இன்றைக்கு ஓர் இ-சேவை மையத்தின் வாசலில் நின்றால் என்ன நினைப்பார்? உதவித்தொகைக்கு வருமானச் சான்று, விடுதிக்குச் சாதிச் சான்று, தாயில்லாப் பிள்ளைக்கு இறப்புச் சான்று. இல்லாமையைத் தாள் தாளாக நிரூபித்தபின்தான் இருப்பது கைக்கு வரும்.

மதுரைக்கு மேற்கே பரவைப் பக்கம் சத்தியமூர்த்தி நகரில் வாழும் காட்டுநாயக்கர் மக்கள் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு அண்மை ஆண்டுகளில் பலமுறை போராடியிருக்கிறார்கள். பிள்ளைகளும் வகுப்பைப் புறக்கணித்துக் கூடவே உட்கார்ந்தார்கள். சான்றிதழ் இல்லாமல் மேற்படிப்பில் இடம் இல்லை, உதவித்தொகை இல்லை. போலிச் சான்றிதழ்களைத் தடுக்கச் சரிபார்ப்பு தேவை என்பதை மறுக்க முடியாது. அந்தச் சரிபார்ப்பின் சுமையை ஏன் எப்போதும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையே சுமக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. தன் குடிமக்கள் யார் என்று விசாரித்து அறிவது அரசின் வேலை; அதற்குத் தாலுகா அலுவலகமும் கிராம நிர்வாக அலுவலரும் இருக்கிறார்கள். காலை உணவில் இந்தத் தொல்லை இல்லை. வகுப்புக்கு வந்தால் போதும். அதனால்தான் அது குறளுக்கு மிக அருகில் நிற்கிறது.

கொடுத்தவர் முகமும் ஒரு வகைச் சான்றிதழ்தான். பள்ளிப் பையில், நோட்டில், மடிக்கணினியில் முதலமைச்சர் படம் அச்சிடுவது தமிழகத்தின் நீண்ட வழக்கம். 2021இல் ஆட்சி மாறியபோது, முந்தைய முதல்வர்கள் ஜெயலலிதா, எடப்பாடி பழனிசாமி படங்களோடு 65 லட்சம் பைகள் தயாராக இருந்தன. படத்தை மாற்றினால் 13 கோடி ரூபாய் செலவாகும். அப்படியே கொடுத்துவிடுங்கள் என்று புதிய முதல்வர் சொன்னதாகக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் சட்டமன்றத்தில் தெரிவித்தார். நல்ல முடிவு. அதோடு ஒரு படி மேலே போய், இனி எந்தப் பையிலும் யார் படமும் வேண்டாம் என்று சட்டமே கொண்டுவந்திருக்கலாம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்று பைபிள் சொல்வது, பிள்ளையின் முதுகில் தொங்கும் பைக்கும் பொருந்தும்.

கொடுப்பவர் மனநிலை அரசுகளுக்கு இடையிலும் உண்டு. சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் சம்பளமும் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடத்தில் சேர்ந்த ஏழைப் பிள்ளைகளின் கட்டணமும் அந்தக் கணக்கில் வருபவை. கொள்கையில் யார் சரி என்று எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வழக்காடலாம். பணம் பிள்ளைகளின் பங்கு என்று இரு தரப்பும் உண்மையாகவே நினைத்தால், வழக்கு ஒரு பக்கம் நடக்க, பணம் ஒரு பக்கம் வந்திருக்கும்.

உரிமை என்று சொல்லிவிட்டால் நன்றி எங்கே போகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. செய்ந்நன்றியறிதலை இல்லறத்தின் நடுவில் வைத்த மரபு நம்முடையது. மதுரைக்காரர்கள் இதற்குக் கக்கனை நினைத்துக்கொள்ளலாம். மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்தவர். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் நடத்திய ஆலயப் பிரவேசத்தில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். பின்னாளில் மாநில அமைச்சர். 1955இல் ஐயர் மறைந்தபோது கக்கன் மகன் முறையில் நின்று இறுதிச் சடங்கில் பங்கேற்றார். அந்த நன்றியில் குனிவு இல்லை. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் செய்தது. நன்றி ஆட்களுக்கு உரியது. ஐந்தரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் சமையல்கார அக்காவுக்கு, மணி அடித்தபின்னும் கணக்குச் சொல்லித்தரும் டீச்சருக்கு, 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலை வேளையில் தன் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்ட பெண்ணுக்கு. அவர்களைப் பிள்ளைகள் நாற்பது வயதிலும் நினைப்பார்கள். மாநிலத்துக்கு நன்றி சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் கேட்கத் தேவையில்லை.

பொதுவாக எல்லாருக்கும் என்றால் வசதியுள்ளவருக்கும் எதற்கு என்பது அடுத்த வாதம். அமெரிக்காவில் மதிய உணவுக்குக் கட்டணம் பாக்கி வைத்த பிள்ளைகளின் கையில் முத்திரை குத்தியும், வாங்கிய தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டியும் அவமானப்படுத்திய பள்ளிகள் இருந்தன. 2017இல் நியூ மெக்சிகோ மாநிலம் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்துக் கொடுக்கும்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர் மீது ஓர் அடையாளம் விழுந்தே தீரும். அது தமிழ்நாட்டில் வேறு உருவம் எடுத்திருக்கிறது. பந்தியில் பிரிவு இல்லை, பள்ளியே பிரிந்துவிட்டது. பழங்காநத்தத்தில் காலை எட்டு மணிக்கு மெட்ரிக் பள்ளி வேன்கள் ஒரு பக்கம் கிளம்பும், மாநகராட்சிப் பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளைகள் மறு பக்கம் போவார்கள். எல்லாருக்கும் என்ற சோறு, ஏழைகள் மட்டுமே வரும் கட்டடத்தில் பரிமாறப்படுகிறது. இதற்குச் சமையல்கூடத்தில் மருந்தில்லை. அரசுப் பள்ளியை நடுத்தர வர்க்கமும் தேடி வரும் அளவுக்குத் தூக்கி நிறுத்தும் வரை அந்த வரிசையில் ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும்.

ஆபுத்திரன் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. அவன் அறத்தின் வலிமையால் இந்திரனின் இருக்கை அசைகிறது. முதிய அந்தணனாக வந்து, வேண்டும் வரத்தைக் கேள் என்கிறான் இந்திரன். உன் உலகத்தில் செய்த புண்ணியத்தை அனுபவிப்பவர்கள் இருக்கிறார்களே ஒழிய அறம் செய்பவர் யார் இருக்கிறார்கள் என்று ஆபுத்திரன் சிரித்துவிடுகிறான். கோபம் கொண்ட இந்திரன் பன்னிரண்டு ஆண்டு வறண்டு கிடந்த பாண்டி நாட்டில் மழையைப் பெய்விக்கிறான். நாடு செழிக்கிறது. பசித்தவர் யாரும் இல்லை. பாத்திரத்தோடு ஊர் ஊராக ஆள் தேடிப் போகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. கடைசியில் சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பல் ஏறுகிறான். நடுவழியில் மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டு, தன் ஒருவன் பசிக்கு அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்த மனமில்லாமல் உண்ணாமல் உயிர் விடுகிறான்.

காவியம் இந்திரனின் மழையைப் பழிவாங்கலாகச் சொல்கிறது. படிப்பவர் மனம் ஆபுத்திரன் பக்கமே நிற்கும். ஆனால் பசித்தவர் பக்கம் நின்று பார்த்தால் மழை பாத்திரத்தைவிடப் பெரியது. தாய்க்குக் காலையில் அடுப்பு மூட்ட நேரமும் கையில் காசும் தரும் கூலி, வீட்டுக்கு அருகே நல்ல வேலை, நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு வீடு: அரசு பெய்விக்க வேண்டிய மழை இவையே. அப்படிப் பெய்த பிறகு காலை உணவு தேவைப்படாது அல்லவா என்று கேட்டால், பின்லாந்தைப் பார்க்கலாம். 1943இல் சட்டம் இயற்றி 1948 முதல் அங்கே எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு போடுகிறார்கள். போரில் நொறுங்கிய ஏழை நாடாக இருந்தபோது தொடங்கியது, பணக்கார நாடான பிறகும் நிறுத்தவில்லை. துயர் துடைக்கப் போட்ட சோறாக இருந்திருந்தால் துயர் தீர்ந்ததும் பந்தியை எடுத்திருப்பார்கள். பள்ளி நாளின் ஒரு பகுதியாக, பிள்ளையின் பங்காக அதை வைத்ததால் இருக்கிறது.

இந்த அளவுகோலில் நம் திட்டத்தின் ஒரு குறை உடனே கண்ணில் படுகிறது. 2022இல் தொடங்கியபோதும் 2025 விரிவாக்கத்தின்போதும் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. நாலாம் வகுப்புத் தங்கை சாப்பிடுகிறாள், ஆறாம் வகுப்புக்குப் போன அண்ணன் பழையபடி டீயும் பன்னும். சத்துணவு பத்தாம் வகுப்பு வரை போகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயது வரை பேசுகிறது. காலை மட்டும் ஏன் பத்து வயதில் முடிய வேண்டும்? பெண்பிள்ளைகள் பருவமடைவதும், பையன்கள் வேலைக்குப் போனால் என்ன என்று வீடுகள் யோசிக்கத் தொடங்குவதும் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள்தான். அடுப்பு எரிகிறது, சமைக்கும் குழு இருக்கிறது, நடுநிலைப் பள்ளிகளில் இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அடுத்த நிதிநிலை அறிக்கையில் முதலில் சேர்க்க வேண்டியவர்கள் அந்த மூன்று வகுப்புப் பிள்ளைகள்.